கோல்ஃப் வெட்ஜ் லாஃப்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தூர இடைவெளியை அளந்து அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் குட்டைப்புல் தரைக்கு, இன்னும் 85 கெஜம் இருக்கிறது. இந்தத் தூரத்துக்குப் பந்தை உயரமாக எழுப்பி அடிக்கும் மட்டைகள்தான் வெட்ஜ். பிட்சிங் வெட்ஜால் முழுதாக அடித்தால் பந்து கிரீனைத் தாண்டிவிடும். மணலுக்கான சாண்ட் வெட்ஜால் எவ்வளவு பலமாக அடித்தாலும் முன்னால் இருக்கும் மணல்குழியில், அதாவது பங்கரில்தான் விழும். நடுவில் வேண்டிய மட்டை பையில் இல்லை. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குப் போய் ஆடிவிட்டு வருகிற நண்பர்களின் பைகளில் நான் அதிகமாகக் காணும் குறை இதுதான். ஆறாயிரம், ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானலுக்குப் போனாலும் அதே குறை கூடவே வருகிறது.

கடையில் கேட்டால் 52, 56, 60 டிகிரி லாஃப்ட் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். லாஃப்ட் என்பது மட்டையின் முகப்பு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். அது கூடக்கூடப் பந்து உயரமாக எழும்பும், தூரம் குறையும். அந்த மூன்று எண்களும் ஒரு காலத்தில் பலருக்கும் பொருந்தின. இன்று உங்கள் பைக்குப் பொருந்துமா என்பதை உங்கள் பந்து விழும் தூரம்தான் சொல்லும். எனவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அளப்பதைப் பற்றியது. ஒழுங்காக அளந்தவருக்குத் தேர்வு அரை மணி நேர வேலை.

படி 1: பையில் எத்தனை இடம் இருக்கிறது என்று பாருங்கள்

விதிப்படி ஓர் ஆட்டத்தில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. நீளமான அடிகளுக்கு டிரைவர், இரண்டு வுட், ஒரு ஹைபிரிட், நடுத்தரத் தூரத்துக்கு 5 முதல் 9 வரை அயர்ன்கள், கிரீனில் உருட்டுவதற்குப் பட்டர் என்று எண்ணினால் பத்து ஆகிவிடும். மீதி நான்கு. பிட்சிங் வெட்ஜ் அந்த நான்கில் ஒன்று. ஆக, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது அதிகபட்சம் மூன்று மட்டைகளைப் பற்றித்தான். 5 அயர்னை வருடம் முழுவதும் தொடாமலேயே சுமப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை வீட்டில் வைத்துவிட்டால் இன்னோர் இடம் கிடைக்கும். நூறு கெஜத்துக்குள் அடிக்கும் அடிகள் ஓர் ஆட்டத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் அந்த இடத்தை வெட்ஜுக்குத் தரத் தயங்கமாட்டார்.

படி 2: பிட்சிங் வெட்ஜின் உண்மையான லாஃப்ட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாம் தொடங்குவது இங்கேதான். பழைய செட்களில் பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரி இருந்தது. அதற்கு மேல் 52, 56, 60 என்று நாலு நாலாக ஏறுவது இயல்பாக இருந்தது. இன்றைய செட்களில், அதிலும் புதிதாக ஆடுபவர்களுக்கென்று செய்யப்படும் அகலமான அடிப்பாகமுள்ள அயர்ன்களில், பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அந்த மட்டைகளில் எடை கீழே இருப்பதால் பந்து எளிதாக மேலே எழும்புகிறது. அதனால் செய்பவர்கள் லாஃப்ட்டைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் சாண்ட் வெட்ஜ் 54 முதல் 56 டிகிரியிலேயே நின்றுவிட்டது. அதை இறக்கினால் மணலிலிருந்து பந்தை எடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் எட்டு டிகிரியாக இருந்தது இன்று பன்னிரண்டாகிவிட்டது. 85 கெஜத்தில் நின்றுகொண்டு தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

மட்டையின் அடியில் பிட்சிங் என்று பொறித்த எழுத்தை நம்பாதீர்கள். தயாரித்த நிறுவனம் ஒவ்வொரு மாடலுக்கும் வெளியிடும் விவரப் பட்டியலில் லாஃப்ட் இருக்கும். பழைய மட்டை வாங்கியிருந்தால் சென்னையில் லாஃப்ட்டை அளக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஃபோர்ஜ் செய்த, அதாவது உலோகத்தை அடித்து உருவாக்கிய மட்டைகள் கெட்டியான பாய்விரிப்பின் மேல் வருடக்கணக்கில் அடிபட்டால் கழுத்து ஓரிரு டிகிரி வளைந்துவிடக்கூடும். 56 என்று பொறித்த மட்டை உண்மையில் 54 ஆக இருந்தால் உங்கள் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

படி 3: பந்து விழும் தூரத்தை அளந்து எழுதுங்கள்

உருண்டு நிற்கும் இடம் வேறு, விழும் இடம் வேறு. வெட்ஜுக்கு விழும் இடம்தான் கணக்கு. கோடையில் காய்ந்த தரையில் பந்து பதினைந்து கெஜம் உருளும். மழைக்காலத்தில் விழுந்த இடத்திலேயே புதையும். உருண்டதையும் சேர்த்து அளந்தால் பருவத்துக்கு ஒரு கணக்கு வரும், எதுவும் உதவாது.

சென்னையில் பந்தின் பாதையை அளக்கும் கருவியுள்ள பயிற்சி இடத்தில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் வேலை எளிதாக முடியும். விழும் தூரம், எழும் உயரம், சுழற்சி மூன்றும் கைக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பயிற்சி இடத்துப் பந்துகள் பெரும்பாலும் தேய்ந்தவை. ஆட்டப் பந்தைவிடக் குறைவாகப் போகும். அவர்கள் அனுமதித்தால் நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தில் ஐந்தாறு கொண்டுபோய் அதைக்கொண்டே அளந்துகொள்ளுங்கள்.

கருவி இல்லாமலும் அளக்கலாம். கடலூர் மாவட்டத்தில் அதற்கு நல்ல இடம் உண்டு. நிலக்கடலை பிடுங்கி முடித்து அடுத்த உழவுக்குக் காத்திருக்கும் கொல்லை. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சுற்றிலும் 200 கெஜத்துக்கு ஆள் நடமாட்டமோ ஆடுமாடோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அங்கே அடிக்கலாம். மஞ்சக்குப்பம் மைதானம் போலப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும், கடற்கரை மணலிலும் அடிக்கவே கூடாது. கோல்ஃப் பந்து தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கொல்லையில் அளக்கும் முறை இது. நிற்கும் இடத்திலிருந்து நேராக ஒரு கயிறு பிடித்து, 50 கெஜத்திலிருந்து 120 கெஜம் வரை பத்துப் பத்துக் கெஜத்துக்கு ஒரு குறுக்குக்கோடு கோலமாவால் போடுங்கள். செம்மண்ணில் வெள்ளைக்கோடு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். ஒரு கெஜம் என்பது மூன்று அடி, அதாவது 91 செண்டிமீட்டருக்குச் சற்று மேல். மீட்டர் டேப்பால் அளப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நண்பர் ஒருவர் கோடுகளுக்குப் பக்கவாட்டில், பந்து போகும் திசைக்கு நன்றாக விலகி நின்று, விழுந்த இடத்தில் மண் தெறிப்பதைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். கடைசிப் பந்து விழுந்த பிறகுதான் அவர் உள்ளே வர வேண்டும். பந்தை வெறும் மண்ணில் வைத்து அடிக்காதீர்கள். ஒரு புல்பத்தையைப் பெயர்த்து வைத்து அதன் மேலிருந்து அடியுங்கள்.

விடிந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெயிலோடு காற்றும் ஏறிவிடும். நம் கரையில் முற்பகல் தாண்டினால் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். உயரமாக எழும்பும் வெட்ஜ் பந்தை அது கெஜக்கணக்கில் தள்ளிவிடும்.

ஒவ்வொரு மட்டைக்கும் பதினைந்து பந்துகள். பந்தின் உச்சியில் பட்ட அடியையும் தரையைக் கிண்டிய அடியையும் விட்டுவிடுங்கள். மிகத் தூரம் போன ஒன்றையும் நீக்கிவிட்டு, மிச்சத்தில் நடுவில் நிற்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் என்றோ ஒருநாள் அடித்த மிக நீளமான அடியைத்தான் தங்கள் தூரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரீனுக்கு முன்னால் விழும் பந்துகளில் பாதிக்கு அதுவே காரணம். 9 அயர்னையும் சேர்த்து அளந்துவிடுங்கள். மேல்பக்க இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால்தான் கீழே எவ்வளவு வேண்டும் என்பது புரியும்.

படி 4: இடைவெளி எங்கே என்று கண்டுபிடியுங்கள்

முத்தியால்பேட்டையில் இருக்கும், பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் அளவுகளை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். 9 அயர்ன் 118 கெஜம். 44 டிகிரி பிட்சிங் வெட்ஜ் 106. 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் 72. மேலே இரண்டு மட்டைக்கும் 12 கெஜம்தான் வித்தியாசம். கீழே ஒரேயடியாக 34 கெஜம். அவர் வாங்க நினைத்திருந்தது 60 டிகிரி. பழுதுபடாத இடத்துக்கு மருந்து போடுவதாக அது முடிந்திருக்கும்.

34 கெஜத்தைப் 12 டிகிரியால் வகுத்தால் அவர் கையில் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 3 கெஜம். பையில் ஓர் இடம்தான் மிச்சம் என்பதால் நேர் நடுவில் 50 டிகிரி. அது 89 கெஜத்துக்குப் போக வேண்டும். அப்படியே 106, 89, 72 என்று இறங்கும். பதினேழு கெஜ இடைவெளி கொஞ்சம் அகலம்தான். இரண்டு இடம் இருந்திருந்தால் 48, 52 என்று வைத்து ஒவ்வொன்றையும் பதினொரு கெஜத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். அவருக்கு அதற்காக 5 வுட்டை எடுத்துவிட மனமில்லை. நீளமான குழிகளில் அவரைக் காப்பாற்றுவது அந்த வுட்தான் என்பதால் அவர் சொன்னதே சரி.

இன்னொருவர் இளைஞர், வேகமான வீச்சு. 46 டிகிரி பிட்சிங் வெட்ஜை 130 கெஜம் அடிக்கிறார். அவருக்கு ஒரு டிகிரி மூன்று கெஜத்துக்கு மேல். ஆறு டிகிரி விட்டால் இருபது கெஜம் திறந்துகொள்ளும். அவருக்கு 50, 54, 58 என்று நாலு நாலாகப் போவதே பொருத்தம். ஒவ்வொன்றும் 12, 13 கெஜம் குறையும்.

பொதுவாகச் சொன்னால், வேகமாக வீசுபவருக்கு நாலு டிகிரி இடைவெளி, நிதானமாக வீசுபவருக்கு ஐந்து அல்லது ஆறு டிகிரி. முழு வீச்சில் பதினைந்து கெஜம் வரை இடைவெளி இருந்தால் சமாளிக்கலாம். இருபதைத் தாண்டினால் அங்கே ஒரு மட்டை வேண்டும். இடைவெளிகள் முற்றிலும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கீழே இறங்க இறங்க அகலமாகக் கூடாது, ஏனென்றால் அருகில் வரவரத்தான் துல்லியம் அதிகம் தேவைப்படுகிறது.

படி 5: 60 டிகிரி வேண்டுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்

அமெரிக்க வீரர் டாம் கைட் 1980 வாக்கில் 60 டிகிரி வெட்ஜைப் பையில் வைத்து ஆடிய பிறகுதான் லாப் வெட்ஜ் எனப்படும் அந்த மட்டை பரவலாயிற்று. கிரீன் ஓரத்தில் குழி மிக அருகில் இருக்கும்போது, அல்லது உயரமான பங்கர் சுவரைத் தாண்ட வேண்டியிருக்கும்போது அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தூர இடைவெளியை அடைக்க அது ஏற்றதல்ல. லாஃப்ட் கூடக்கூட பந்து முன்னே போவதைவிட மேலே போவதற்கே வலு செலவாகிறது. கொஞ்சம் தடித்த புல்லில் முகப்பு பந்தின் அடியில் நுழைந்து வெளியே வந்துவிடும். பந்து பாதித் தூரத்தில் விழும். வாரம் இரண்டு முறையாவது கிரீன் ஓரத்தில் பயிற்சி செய்ய வசதி இல்லாதவர் 56 அல்லது 58ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது. நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஆடுவதற்கே மூன்று மணி நேரம் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் 50 டிகிரி பல மடங்கு பயன் தரும்.

படி 6: முக்கால் வீச்சையும் அரை வீச்சையும் அளந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் விட்டால் புதிய மட்டை பாதிப் பயன்தான் தரும். வலக்கையால் ஆடுபவர் இடது கை எங்கே நிற்கிறது என்பதைக் கடிகார முள்ளாக வைத்துக்கொள்ளலாம். பின்வீச்சில் கை தரைக்கு இணையாக ஒன்பது மணியில் நின்றால் அரை வீச்சு. பத்தரை மணியில் நின்றால் முக்கால். வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் குறைக்க முயலாதீர்கள். வீச்சின் நீளத்தை மட்டும் மாற்றி, தாளத்தை மாற்றாமல் அடியுங்கள்.

நண்பர் 50 டிகிரி வாங்கி வந்த பிறகு மூன்று வெட்ஜையும் மறுபடி அளந்தோம். பிட்சிங் வெட்ஜ் முழுதாக 106, முக்கால் 88, அரை 70. புதிய 50 டிகிரி முழுதாக 89, முக்கால் 74, அரை 58. 56 டிகிரி 72, 59, 45. ஒன்பது தூரங்கள். ஆனால் உற்றுப் பாருங்கள். 88, 89 இரண்டும் ஒன்றே. 74, 72 கிட்டத்தட்ட ஒன்றே. 58, 59ம் அப்படித்தான். ஒரே தூரத்துக்கு இரண்டு வழி கிடைத்திருக்கிறது. எதிர்காற்றில் லாஃப்ட் குறைந்த மட்டையால் முக்கால் வீச்சு அடித்தால் பந்து தாழ்வாகப் போகும். குழி பங்கருக்குப் பின்னாலேயே இருந்தால் லாஃப்ட் கூடியதை முழுதாக அடித்து உயரமாக இறக்கலாம். 106க்கும் 89க்கும் நடுவில் மட்டும் அவருக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிட்சிங் வெட்ஜின் பிடியில் ஒரு அங்குலம் கீழே பிடித்து அடிக்கச் சொன்னேன். 99 கெஜத்துக்கு அருகில் விழுகிறது. அந்தச் சிறு மாற்றத்துக்காக இன்னொரு மட்டை வாங்க வேண்டியதில்லை.

இந்த எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பையில் ஒட்டிவையுங்கள்.

படி 7: பௌன்ஸைத் தரைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்

லாஃப்ட் சரியாக அமைந்தும் பந்து சரியாக வராவிட்டால் பெரும்பாலும் பௌன்ஸ்தான் காரணம். மட்டையின் முன்விளிம்பைவிட அடிப்பாகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதன் கோணம் அது. மீன்பிடிப் படகின் அடிப்பாகம் படகைத் தண்ணீரில் புதைய விடாமல் தாங்குவதுபோல, பௌன்ஸ் மட்டையை மணலில் புதைய விடாமல் தாங்குகிறது. அமெரிக்க வீரர் ஜீன் சாரசன் தன் மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தடிமனாக்கி, 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை அதைக்கொண்டு வென்றார். இன்றைய சாண்ட் வெட்ஜ் அந்த அடிப்பாகத்தின் வாரிசு.

பொதுவாக 4 முதல் 6 டிகிரி குறைந்த பௌன்ஸ், 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நம் பகுதி ஆட்டக்காரர் இரண்டு எதிரெதிரான தரைகளைச் சந்திக்கிறார். மே மாதத்தில் ஃபேர்வே, அதாவது கிரீன் வரை போகும் வெட்டிவிட்ட புல்பாதை, காய்ந்து இறுகிவிடும். அப்போது 14 டிகிரி பௌன்ஸ் உள்ள மட்டை தரையில் பட்டு எகிறி, பந்தின் நடுவில் இடிக்கும். பந்து தாழ்வாகப் பறந்து கிரீனைத் தாண்டிப் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தரை ஊறிக் கிடக்கும். அப்போது குறைந்த பௌன்ஸ் மட்டை சேற்றுக்குள் இறங்கி நின்றுவிடும்.

தரை மட்டுமல்ல, உங்கள் அடிக்கும் பழக்கமும் முக்கியம். ஒவ்வோர் அடிக்கும் பெரிய புல்பத்தையைப் பெயர்ப்பவருக்கு அதிக பௌன்ஸ். புல்லைத் தடவிவிட்டுப் போகிறவருக்குக் குறைவு. தென்னிந்திய சமவெளிப் புல்தரைகளில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா வகை, நம் அருகம்புல்லின் உறவு. அதன் கொடி தரையோடு பின்னிக்கொண்டு மட்டையைப் பிடித்து இழுக்கும். கிரீன் ஓரத்தில் புல் உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் முன்விளிம்பு சிக்கிக்கொள்ளும். இதற்குச் சிறிது பௌன்ஸ் துணையாக இருக்கும்.

என் பரிந்துரை இப்படி. முழு வீச்சுக்கு அதிகம் பயன்படும் 50 டிகிரிக்கு 8 அல்லது 9 பௌன்ஸ். மணலுக்கான 56க்கு 10 முதல் 12, அதிலும் குதிகால் பகுதியைச் சற்றுச் சீவிய அமைப்பு கிடைத்தால் கோடைத் தரையிலும் முகப்பைத் திறந்து ஆடலாம். மூன்றாவது வைத்துக்கொள்பவர் 60ஐ 6 அல்லது 8 பௌன்ஸில் எடுத்துக்கொண்டால், இறுகிய தரைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று இரண்டும் கையில் இருக்கும். எல்லா வெட்ஜும் ஒரே பௌன்ஸில் இருப்பது வீண்.

படி 8: காற்றையும் உயரத்தையும் கணக்கில் சேருங்கள்

அட்டையில் எழுதியது காற்றில்லாத காலைநேரத்துத் தூரம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால் சுமார் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அதே வேகம் பின்னாலிருந்து வந்தால் கிடைப்பது அதில் பாதிதான். கடலோரத்தில் பிற்பகல் ஆட்டம் என்றால் இது தினசரி நிலவரம்.

1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் ஆடப் போகிறவர்களுக்கு நேர்மாறான கணக்கு. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. 100 கெஜம் அடிக்கும் வெட்ஜ் 107, 108 வரை போகும். சுழற்சியின் பிடியும் குறைவு என்பதால் விழுந்ததும் சட்டென்று நிற்காது. எல்லா மட்டைக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுவதால் லாஃப்ட்டை மாற்ற வேண்டாம், அட்டையில் இன்னொரு வரிசை எழுதிக்கொண்டால் போதும்.

படி 9: வாங்கும்போது

பிட்சிங் வெட்ஜுக்கு அடுத்த மட்டையை, உங்கள் அயர்ன் செட்டிலேயே அதே மாடலில் கிடைத்தால், அங்கேயே வாங்கலாம். முழு வீச்சில் அது அயர்ன் போலவே நடந்துகொள்ளும், சற்றே ஓரத்தில் பட்டாலும் மன்னிக்கும். அதற்குக் கீழே தனி வெட்ஜ் நல்லது. ஷாஃப்ட்டின், அதாவது மட்டைத் தண்டின், எடையைப் பாருங்கள். அயர்ன்கள் இலகுவான கிராஃபைட்டாகவும் வெட்ஜ் கனமான ஸ்டீலாகவும் இருந்தால் தாளம் கெடும்.

நினைத்த லாஃப்ட் கிடைக்காவிட்டால் வளைத்துக்கொள்ளலாம். ஃபோர்ஜ் செய்ததை இரண்டு டிகிரி வரை வளைப்பதில் சிக்கல் இல்லை. வார்த்துச் செய்தவற்றில் கவனம் தேவை. லாஃப்ட்டை ஒரு டிகிரி குறைத்தால் பௌன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். 52ஐ 50 ஆக வளைக்கும்போது 8 பௌன்ஸ் 6 ஆகிவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, 10 பௌன்ஸ் உள்ள 52ஐ வாங்குங்கள்.

மேல்பூச்சில்லாத வெட்ஜ்களைச் சிலர் விரும்புகிறார்கள். நம் உப்புக்காற்றில் அவை மிக விரைவாகத் துருப்பிடிக்கும். ஆட்டத்துக்கு அதனால் பெரிய கேடில்லை, ஆனால் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு இருப்பவர்கள் குரோம் பூச்சுள்ளதை வாங்கினால் பராமரிப்பு எளிது. ஆடி முடித்ததும் முகப்பிலுள்ள வரிப்பள்ளங்களைச் சிறு தூரிகையால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, உறை போடாமல் காற்றாட வையுங்கள்.

வரிப்பள்ளங்களின் விளிம்பு மழுங்கினால் சுழற்சி குறைந்து பந்து உருளத் தொடங்கும். அதிகம் பயன்படும் 56தான் முதலில் தேயும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தரை ஓரளவு இளகி இருக்கும் ஜனவரியில், அதே கொல்லையில் அதே முறையில் மறுபடி அளந்து அட்டையைத் திருத்துங்கள். வயது கூடி வீச்சு மெதுவானவர்களுக்கு இடைவெளிகள் சுருங்கியிருக்கும். அப்போது ஒரு வெட்ஜைக் குறைத்துவிட்டு மேலே ஒரு ஹைபிரிட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.